வாளை வாங்கிக்கொண்ட சபை

(மணவூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



‘பேய் வேட்டைக் குடும்பத்துப் பெண்: சிறுகதையில் ஒரு மரபுரிமை’ என்று அழைப்பிதழில் அச்சானதைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்ததாகக் கேள்விப்பட்டேன். அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் குறள் வேண்டும், கம்பன் வேண்டும், இதென்ன பேயும் பிசாசும் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மணவூரில் நின்றுகொண்டு பேயைப் பேசாமல் விடுவதுதான் எனக்குச் சிரமமாக இருக்கிறது. இங்கே ரயிலேறினால் அரக்கோணம் போகும் வழியில் அடுத்த நிறுத்தம் திருவாலங்காடு. தன்னைப் பேய் என்று தானே பாட்டில் எழுதிவைத்த காரைக்கால் அம்மையார் வந்து சேர்ந்த ஊர். அதை ஒட்டினாற்போல் பழையனூர், நீலியின் ஊர். வடமேற்கே திருத்தணி, சூரனை வென்ற முருகன் கோபம் ஆறி உட்கார்ந்த மலை. மேற்கே சோளிங்கர், ‘காத்து கருப்பு’ பிடித்தவர்களைத் தக்கான்குளத்தில் குளிப்பாட்டி மலையேற்றும் தலம். நாற்புறமும் இப்படி வைத்துக்கொண்டு, பேய்க்கதை எழுத ஆசைப்படும் நம் பிள்ளைகள் ருமேனியாவின் கோட்டையையும் லண்டன் மூடுபனியையும் தேடிப் போகிறார்கள். அதனால்தான் இந்தப் பொருளை எடுத்தேன்.

முதலில் அந்த வெளியூர்க் கதையையே பார்த்துவிடுவோம். பிராம் ஸ்டோக்கர் 1897இல் ‘டிராகுலா’ எழுதியபோது அதில் வரும் பேய் வேட்டைக்காரர் வான் ஹெல்சிங் ஒரு பேராசிரியர். படித்துத் தெரிந்துகொண்டவர். அப்பன் பாட்டன் சொல்லிக்கொடுத்து வந்த வித்தை அல்ல அது. குடும்பச் சொத்தாக அதை மாற்றியவர்கள் பின்னால் வந்த திரைக்காரர்களும் தொலைக்காட்சிக்காரர்களும். 1997 முதல் 2003 வரை அமெரிக்காவில் ஓடிய ‘பஃபி’ தொடரில், தலைமுறைக்கு ஒரு பெண் ரத்தக்காட்டேரிகளைக் கொல்லத் தேர்ந்தெடுக்கப்படுகிறாள். பள்ளிக்கூடம் போகிற பெண்ணின் கையில் மரக்கூர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு இந்த வகைக் கதைக்குப் பஞ்சமே இல்லை. பாட்டி சாகிறாள், பரணில் பெட்டி கிடைக்கிறது, பெட்டிக்குள் ஆயுதமும் ஒரு பழைய நோட்டும். பேத்திக்கு அன்று ராத்திரியே வேலை ஆரம்பம்.

இந்தக் கதையின் வேரைத் தோண்டிப் பார்த்தால் பால்கன் கிராமங்களில் வேறொன்று கிடைக்கிறது. அங்கே ரத்தக்காட்டேரியைக் கண்டுபிடிக்கவும் கொல்லவும் வல்லவன் யாரென்றால், ரத்தக்காட்டேரிக்கே பிறந்த பிள்ளை. ‘தாம்பிர்’ என்பார்கள். செத்த கணவன் இரவில் வந்துபோய்ப் பிறந்த குழந்தை என்று ஊர் நம்பும். வளர்ந்ததும் அவனையே கூலி கொடுத்து அழைக்கும். வேட்டைக்காரன் உடம்பில் ஓடுவது வேட்டையாடப்படுவதன் ரத்தம். தொலைக்காட்சி இதை மறைத்துவிட்டது, நாட்டுப்புறம் மறைக்கவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நம்மூருக்கு வரும்போது தேவைப்படும்.

எல்லையைத் தாண்டினால் தெலுங்கில் ‘அருந்ததி’. 2009 ஜனவரியில் வந்த படம், கோடி ராமகிருஷ்ணா இயக்கியது. தமிழில் மொழிமாற்றி வந்து இங்கேயும் நன்றாக ஓடியது. கொள்ளுப்பாட்டி ஜேஜம்மா தன் உயிரைக் கொடுத்து, தன் எலும்பையே ஆயுதமாக்கி வைத்துவிட்டுப் போகிறாள். கொள்ளுப்பேத்தி அதை எடுத்துப் பேயான பசுபதியை முடிக்கிறாள். இன்றைய தலைப்புக்கு அச்சாகப் பொருந்தும் கதை வேண்டுமென்றால் இதுதான். அதில் கத்தலும் சிவப்பு விளக்கும் அதிகம் என்று எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனால் மூதாட்டியின் எலும்பு பேத்தியின் ஆயுதமாகும் அந்த இடத்தில் எந்த வெளிநாட்டுக் கதையும் நினைவுக்கு வராது. எல்லை என்றேன், ஆனால் திருத்தணியே 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலியோரின் போராட்டமும் படாஸ்கர் தீர்ப்பும் சேர்ந்து அதை இந்தப் பக்கம் கொண்டுவந்தன. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசுகிற பிள்ளைகள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். அருந்ததி உங்களுக்கு அடுத்த வீட்டுப் பெண்.

இனி நம் மலைக்கு வருவோம். அசுரனை வேட்டையாடியவர் என்றால் நமக்கு முருகன். கந்தசஷ்டியில் திருச்செந்தூர் கடற்கரை சூரசம்ஹாரத்துக்கு எப்படி நிரம்பி வழியும் என்பது உங்களுக்குத் தெரியும். திருத்தணியில் சூரசம்ஹாரம் கிடையாது. கோபம் தணிந்த இடத்தில் மறுபடி யுத்தம் எதற்கு என்று அந்த நாளில் இங்கே மலர் தூவி வழிபாடு. சஷ்டிக்கு வெளியூர் உறவினர் யாராவது ‘உங்க ஊர்ல சம்ஹாரம் எத்தனை மணிக்கு?’ என்று கேட்டால் நம்மவர்கள் சிரிப்பார்கள். இன்னொன்றையும் பாருங்கள். சூரபத்மன் கதையில் அவன் மாமரமாக நின்றான், வேல் இரண்டாகப் பிளந்தது, ஒரு பாதி மயில், மறுபாதி சேவல். மயில் வாகனம், சேவல் கொடி. எதிரியைக் கொன்று புதைத்ததாகக் கதை முடியவில்லை. அவனுக்கு உத்தியோகம் போட்டுக்கொடுத்ததாக முடிகிறது.

இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இந்த வட்டாரத்துக் கதைகளில் திரும்பத் திரும்ப இதுவே நடக்கிறது. திருவாலங்காட்டில் காளிக்கும் சிவனுக்கும் ஆட்டப் போட்டி. சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்கினார், காளி தோற்றாள். தோற்றவளை ஊரைவிட்டுத் துரத்தினார்களா? இல்லை. அவளுக்குத் தனிக்கோயில், முதலில் அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் ரத்தினசபைக்குப் போக வேண்டும் என்பது வழக்கம். அந்தச் சபையில் ஆடும் சிவனின் காலடியில் உட்கார்ந்து தாளம் போடுகிறவர் யார்? எலும்பும் தோலுமாக, வற்றிய முலையும் துருத்திய பல்லுமாகக் காரைக்கால் அம்மையார்.

புனிதவதியின் கதை பெரியபுராணத்தில் எல்லோரும் படித்ததுதான். மாம்பழ அற்புதத்தைக் கண்ட கணவன் பரமதத்தன் பயந்து, வேறூர் போய் வேறு கல்யாணம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்து, கடைசியில் குடும்பத்தோடு வந்து மனைவியின் காலில் விழுந்தான். கணவனுக்காக வைத்திருந்த உடம்பு இனி வேண்டாம், பேய் வடிவம் கொடு என்று அவள் சிவனைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் அடிக்கடி யோசிக்கும் இடம் இது. மற்ற கதைகளில் பெண் பேயாவது யாரோ கொன்றதால். இங்கே ஒருத்தி விண்ணப்பம் போட்டுப் பேயாகிறாள். திருவாலங்காட்டுக்கு அவள் தலையால் நடந்து வந்ததால், அந்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சி ஞானசம்பந்தர் வெளியிலேயே தங்கினார், கனவில் சிவன் வந்து எம்மை மறந்தாயோ என்று கேட்டார், விடிந்ததும் பதிகம் பாடினார் என்று சேக்கிழார் சொல்கிறார். அப்படிப் பாடிய பதிகத்தின் முதல் பாட்டிலேயே சம்பந்தர் குறிப்பிடுவது, வஞ்சனையால் ஒருவன் உயிரைக் கொண்ட ஒருத்தியின் கதையை. ஏழாம் நூற்றாண்டிலேயே நீலி கதை இங்கே பழைய கதை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பாதிதான் நமக்கு நினைவிருக்கிறது.

காஞ்சியைச் சேர்ந்த ஒருவன் தன் மனைவியைக் காட்டுவழியில் கொன்றுவிடுகிறான். அடுத்த பிறவியில் அவன் வணிகனாகப் பிறக்கிறான், அவள் நீலி என்ற பேயாகிறாள். அவனுக்கு ஒரு பேயால் ஆபத்து உண்டு என்று தெரிந்து, காவலாக ஒரு மந்திர வாளைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அது இருக்கும்வரை பேய் கிட்ட வராது. பயணம் போகிறவன் பழையனூர்ப் பக்கம் வருகிறான். நீலி ஒரு கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறாள். அவன் ஓடுகிறான். ஊர்ச்சபையில் வேளாளர் எழுபது பேர் கூடியிருக்கிறார்கள். அங்கே போய் விழுகிறான்.

‘ஐயா, இவர் என் புருஷன். என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டு ஓடுகிறார்’ என்கிறாள் அவள். ‘இவள் யாரென்றே எனக்குத் தெரியாது, இவள் பேய்’ என்கிறான் அவன். குழந்தையை இறக்கிவிட்டால் அது நேரே அவனிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. சபை தீர்ப்புச் சொல்கிறது: இன்றிரவு இருவரும் இங்கேயே தங்குங்கள், காலையில் பேசலாம். அவள் இன்னொன்று கேட்கிறாள். ‘இவர் கையில் வாள் இருக்கிறது. இரவில் என்னை வெட்டிவிடுவார், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.’ சபை வாளை வாங்கிக்கொள்கிறது. அவன் அழுகிறான். ‘உன் உயிருக்கு ஒன்று ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிர் கொடுக்கிறோம்’ என்று வாக்களிக்கிறார்கள். விடிந்தால் அவன் குடல் சரிந்து கிடக்கிறான். எழுபது பேரும் தீ வளர்த்து இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் தீப்பாய்ந்த இடமென்று இன்றும் ஒரு மண்டபத்தைக் காட்டுகிறார்கள். அதற்குச் சாட்சியாக இருந்த சிவனுக்குச் சாட்சிபூதேசுவரர் என்று பெயர்.

இதைச் சொல்லும்போதெல்லாம் வேளாளரின் வாய்மையைப் புகழ்ந்து முடிப்பது மரபு. தொண்டைமண்டலப் புலவர்கள் பாடியதெல்லாம் அதைத்தான். மக்கள் பேச்சில் மிஞ்சியது இன்னொன்று: பெண் அழுதால் நம்பாதே. நீலிக் கண்ணீர் என்று இன்றைக்கும் எந்தப் பஞ்சாயத்திலும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். நான் கேட்பது வேறு. அந்தச் சபையில் நீலி சொன்ன முதல் வாக்கியம் பொய்யா? அவன் அவள் கணவன்தான், போன பிறவியில். அவளைக் கைவிட்டவன்தான், கைவிட்டது மட்டுமா, கொன்றவன். அவன் சொன்னதும் பொய்யில்லை, இந்தப் பிறவியில் அவனுக்கு அவளைத் தெரியாது. இரண்டு உண்மைகள் வந்து நின்ற வழக்கு அது. கள்ளிக் குழந்தை ஒன்றுதான் அதில் பொய்ச்சாட்சி. சபை என்ன செய்தது? ஒருத்தி அழுததையும் ஒரு குழந்தை ஒட்டியதையும் பார்த்தது. அவளை உட்காரவைத்து, நீ யார், எந்த ஊர், எப்போது கல்யாணம், என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை அவளே சொல்லியிருப்பாள். பேய்க்கு அதைச் சொல்லத்தானே ஆசை.

இப்படி நான் சொல்வது வெறும் ஊகம் இல்லை. அந்தக் கேள்விகளைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு காப்பியமே இருக்கிறது. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான ‘நீலகேசி’யின் நாயகி நம் பழையனூர் நீலிதான். பாஞ்சால நாட்டில் முனிச்சந்திரர் என்ற சமண முனிவர் காளிக்குப் பலியிடுவதை நிறுத்திவிட்டார். அவரைத் துரத்த உள்ளூர்க் காளியால் முடியவில்லை. தெற்கே பழையனூரிலிருந்து நீலியை வரவழைக்கிறார்கள். வெளியூரிலிருந்து ரவுடியைக் கூப்பிடுகிற மாதிரிதான். அவள் பயமுறுத்திப் பார்க்கிறாள், நடக்கவில்லை. அழகியாகி மயக்கிப் பார்க்கிறாள், அதுவும் நடக்கவில்லை. முனிவர் வாளையும் எடுக்கவில்லை, வேப்பிலையும் அடிக்கவில்லை, பேசுகிறார். நீலி கேட்கிறாள், திரும்பிக் கேள்வி கேட்கிறாள், அகிம்சையை ஏற்கிறாள். பிறகு கிளம்பிப் போய்க் குண்டலகேசியோடு, ஆசீவகரோடு, சாங்கியரோடு, வைசேடிகரோடு, வேதவாதியோடு வாதம் செய்கிறாள். கடைசிச் சருக்கம் பூதவாதம். உயிர் என்று ஒன்று கிடையாது, கண்ணுக்குத் தெரிவதே உண்டு என்கிறவனிடம் அவள் தன் பழைய பேய் உருவத்தை எடுத்துக் காட்டுகிறாள். அவன் நடுங்கிப்போகிறான். தமிழ்த் தத்துவ நூல்களில் நான் வாய்விட்டுச் சிரித்த இடம் இது ஒன்றுதான். சமயதிவாகர வாமன முனிவர் உரையோடு இதை 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தார். மாணவர்கள் எடுத்துப் படிக்க வேண்டும். தர்க்கம் கடினம், முதல் சருக்கம் கடினமில்லை.

பழையனூர் வெறும் கதையூர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலாம் ராஜேந்திர சோழனின் ஆறாவது ஆட்சியாண்டுத் திருவாலங்காட்டுச் செப்பேடு 1905இல் கிடைத்தது. முப்பத்தொரு ஏடுகள், சோழர் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகளில் ஒன்று. அது எதற்காக எழுதப்பட்டது? பழையனூரைத் திருவாலங்காட்டு மகாதேவருக்குத் தானமாகக் கொடுக்க. நம் மணவூர்ப் பக்கமும் சோழர் காலத்துப் பெயர் பெற்றதுதான். மணவில் கூத்தன் காலிங்கராயன் என்ற நரலோகவீரன் முதலாம் குலோத்துங்கனின் தளபதி, தில்லையில் பெரும் திருப்பணி செய்தவன். அதே குலோத்துங்கனின் படை கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் பாடியபோது, போர்க்களத்தில் கூழ் சமைத்துப் பந்தி போட்டுப் பரிமாறுகிற வேலையைப் பேய்களுக்குக் கொடுத்தார். ஆக, சோழர் படையெடுப்பின் வெற்றிவிழாவிலும் பேய்க்கு உத்தியோகம் உண்டு.

கதையிலிருந்து நடப்புக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் பேயோட்டும் குடும்பங்கள் உண்மையிலேயே உண்டு. உடுக்கையும் கையுமாகக் கோடாங்கி, இந்த வட மாவட்டங்களில் பம்பைக்காரர். தொழில் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். மகளுக்கு அபூர்வமாகத்தான். பம்பையும் உடுக்கையும் சிலம்பும் சேர்ந்து ஒலிக்க, தலைவிரித்து ஆடுகிற பெண்ணிடம் அவர்கள் கேட்பது என்ன? நீ யார்? எந்த ஊர்? எப்படிச் செத்தே? எங்கே பிடிச்சே? உனக்கு என்ன வேணும்? பழையனூர்ச் சபை கேட்க மறந்த அதே கேள்விகள். பேய் பேசும்வரை ராத்திரி முழுக்கக் கேட்பார்கள். பெயர் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு பேரம். கோழியா, சாராயமா, சேலையா? வாங்கிக்கொண்டு போய்விடுகிறேன் என்று சத்தியம் வாங்கி, உச்சிமயிரை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடிப்பார்கள். செஞ்சி வட்டாரத்தில் 1990களின் தொடக்கத்தில் தங்கி இதை ஆராய்ந்த இசபெல் நபோகோவ், 2000இல் வெளிவந்த தம் நூலில் ஒன்றைக் கவனித்துச் சொல்கிறார்: பிடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் புதிதாகக் கல்யாணமாகி வந்த இளம்பெண்கள், பிடித்த பேய்களில் பெரும்பாலானவை அகாலமாய்ச் செத்த ஆண்கள். வெளிநாட்டுக் கதையில் இளம்பெண் வேட்டைக்காரி. இங்கே அவள் உடம்புதான் வேட்டைக்காடு.

இதன் கொடூரமான பக்கத்தை மறைத்துப் பேசினால் நான் நேர்மையற்றவன். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் பிணைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலி போடுவதைத் தடை செய்திருக்கிறது. சோளிங்கர் மலைக்கு இப்போது ரோப் கார் வந்துவிட்டது, 2024 முதல். இருந்தும் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட படிகளில் அக்காவையோ தங்கையையோ இழுத்துக்கொண்டு ஏறுகிறவர்கள் அங்கே போய்வருவதோடு திருவள்ளூர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் போக வேண்டும். கதை எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். பேய் பிடித்தவளை அடிப்பதை வீரம் போல எழுதாதீர்கள்.

பெண் வேட்டைக்காரியே நம்மிடம் இல்லையா என்று ஒரு மாணவி முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தார். இருக்கிறாள், மேல்மலையனூரில். பிரம்மனின் ஐந்தாம் தலையைக் கிள்ளிய தோஷம் கபாலமாகச் சிவன் கையில் ஒட்டிக்கொண்டு, போடுகிற சோற்றையெல்லாம் அதுவே தின்றுவிட்டது. கணவனுக்குப் பிடித்த அந்தப் பேயை ஓட்டியவள் அங்காளம்மன். எப்படி? சுவையாகச் சமைத்து மூன்றாவது கவளத்தைத் தரையில் இறைத்தாள். கபாலம் ருசிக்கு ஆசைப்பட்டுக் கையைவிட்டுக் கீழே இறங்கியது, காலால் மிதித்துவிட்டாள். மாசி அமாவாசையில் மயானக்கொள்ளை நடப்பது இதற்காக. ஆயுதம் சோறு. நம் ஊரில் அங்காளம்மன் கோயில் இல்லாத வட்டாரம் உண்டா? உலகத்து எந்தப் பேய் வேட்டை நாவலிலும் இப்படியொரு உத்தியை நான் படித்ததில்லை.

தெற்கே போனால் நீலி இசக்கியாகிறாள். ஆரல்வாய்மொழிக்கு அருகே முப்பந்தலில் இசக்கியம்மன், வில்லுப்பாட்டில் அவள் கதை விடிய விடிய நடக்கும். கொன்றவனைக் கொன்றவள் அங்கே பிள்ளைவரம் தருகிறவள். மலையாளத்தில் அவளே கள்ளியங்காட்டு நீலி. சுண்ணாம்பு கேட்டு வழிமறிக்கும் யட்சி. கடமற்றத்துக் கத்தனார் அவளை அடக்கினார் என்பது கேரள வழக்கு, 1909இலிருந்து கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ‘ஐதீகமாலை’ கத்தனாரைப் புகழ்பெறச் செய்தது. 2025 ஆகஸ்டில் ‘லோகா’ என்ற மலையாளப் படம் வந்தது, டொமினிக் அருண் இயக்கம். கல்யாணி பிரியதர்ஷன் நடித்த சந்திராதான் அந்த நீலி, இன்றைய பெங்களூருவில் வாழ்ந்து பெண்களுக்குத் துணை நிற்கிறாள். தாம்பிரை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இங்கே வந்து சேர்கிறது: வேட்டையாடப்பட வேண்டிய யட்சியே காவலுக்கு நிற்கிறாள். ஆனால் வழியெல்லாம் பயணம் செய்த நீலியின் பெயரை மலையாளி படமாக எடுத்து உலகத்துக்குக் காட்டிவிட்டான். பழையனூருக்கு அடுத்த நிறுத்தத்தில் இருக்கிற நமக்கு ஒரு நல்ல சிறுகதைகூட இல்லையென்றால் கொஞ்சம் உறைக்கத்தான் வேண்டும். தமிழில் புதுமைப்பித்தன் 1940களிலேயே ‘காஞ்சனை’யில், வீட்டுக்குள் இடம் கொடுத்த ஒரு பிச்சைக்காரியை வைத்துக்கொண்டு, கடைசிவரை தீர்ப்புச் சொல்லாமல் எழுதிக் காட்டினார். அந்த வழியில் பின்னால் ஜெயமோகன் ‘நிழல்வெளிக் கதைகள்’ எழுதினார். இருவரும் தெற்கத்தியர். தொண்டைநாட்டுப் பேய்க்கு எழுத ஆள் வேண்டும்.

எப்படி எழுதலாம் என்று ஒரு கதையைச் சொல்லிப் பார்க்கிறேன். இது முழுக்கக் கற்பனை.

மணவூரில் ஒரு பம்பைக்காரர் வீடு. தாத்தா செத்து, அப்பா பம்பையை மாட்டிவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். மகள் செல்வி பி.காம். முடித்து அம்பத்தூரில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறாள், காலை மின்சார ரயில், இரவு மின்சார ரயில். ஆயா படுக்கையில். ஒருநாள் ஆயா அவளைக் கூப்பிட்டு ஒரு நீளக் கணக்கு நோட்டைக் கொடுக்கிறாள். பரணில் ஆயுதப் பெட்டி எதுவும் இல்லை, அந்த நோட்டு மட்டும்தான்.

‘இன்னா ஆயா இது, சீட்டுக் கணக்கா?’

‘உங்க தாத்தா ஓட்டுன பேயெல்லாம் எங்கடி போச்சுன்னு நெனச்ச? ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாக்கு குடுத்துத்தான் ஏறி உக்கார வெச்சாரு. யாருக்கு என்னா, எந்த அமாவாசைக்கு, எல்லாம் இதுல இருக்கு. உங்கப்பன் நாலு வருசமா ஒண்ணுமே குடுக்கல.’

நோட்டைப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு பெயர். கிணற்றில் விழுந்தவள், தண்டவாளத்தில் தலை வைத்தவன், பிரசவத்தில் போனவள், வெட்டுப்பட்டவன். ஒவ்வொன்றுக்கும் எதிரே உறுதி: ஆடிக்கு ஒரு கோழி, பௌர்ணமிக்கு விளக்கு, வருசத்துக்கு ஒரு சிவப்புச் சேலை. ஒருத்தியின் பெயருக்கு எதிரே தாத்தா பொருள் எதையும் எழுதவில்லை. ‘அவ புருசனைக் கேப்பேன்னு சொன்னேன்’ என்று மட்டும் இருக்கிறது. கேட்டதாகக் குறிப்பு இல்லை. கணக்குப் படித்த பெண்ணுக்கு நிலுவை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆயா படித்துச் சொல்ல, உட்கார்ந்து மொத்த பாக்கியையும் கூட்டுகிறாள். கோழியும் சேலையும் சம்பளத்தில் அடங்கும், மூன்று மாதத் தவணையில் தீர்க்கலாம். அந்த ஒரு வரிதான் அடங்காது. அந்தப் புருஷன் உயிரோடு இருக்கிறான், ஊரில் பெரிய மனிதன், தர்மகர்த்தா.

இங்கிருந்து கதையை எப்படிக் கொண்டுபோவது என்பது எழுதுகிறவர் பாடு. என் யோசனைகளை மட்டும் சொல்கிறேன். முதலாவது, பேயை இருட்டில் கொண்டுவராதீர்கள். அரக்கோணம் போகிற கடைசி வண்டியின் பெண்கள் பெட்டியில், எதிர் இருக்கையில், மல்லிகைப்பூ கட்டிக்கொண்டே வரட்டும். அந்தப் பேய் தெலுங்கில் பேச வேண்டும், புத்தூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். செல்விக்குத் தெலுங்கு புரியும், பேச வராது. அதனால் கேள்விகளைத் தாத்தாவின் வரிசையிலேயே, தட்டுத்தடுமாறித்தான் அவள் கேட்க முடியும். ‘நீ எவரு? ஏ ஊரு?’ அந்தத் தடுமாற்றத்தில் பயமும் சிரிப்பும் தானாக வரும்.

இரண்டாவது, சாதியை விட்டுவிட்டு இந்தக் கதையை எழுத முடியாது. கேரளத்தில் மந்திரவாதம் செய்த சூரியகாலடி மனை போன்ற நம்பூதிரி வீடுகளுக்கு ஐதீகமும் மரியாதையும் கிடைத்தன. நம் பம்பைக்காரரை ராத்திரி கெஞ்சிக் கூப்பிடுவார்கள், பகலில் திண்ணைக்குக் கீழே நிறுத்துவார்கள். செல்வி தர்மகர்த்தா வீட்டு வாசலில் நின்று ‘உங்க மூத்த சம்சாரம் எப்படிச் செத்தாங்க?’ என்று கேட்பதாக எழுதினால், பேயைப் பார்க்கும் காட்சியைவிட அதுதான் பயங்கரமான காட்சியாக இருக்கும். வெளிநாட்டு நாயகிக்கு மரக்கூர் வேண்டியிருக்கிறது. இவளுக்கு அந்த வாசற்படியில் ஏறக் கால் வந்தால் போதும்.

மூன்றாவது, சபையைக் கூட்டாமல் விடாதீர்கள். பழையனூரில் எழுபது பேர் ஒரு வாக்குக்காகச் செத்தார்கள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் கொல்லப்பட்டவளுக்காக அந்தக் கதையில் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. செல்வி கூட்டுகிற பஞ்சாயத்தில் வாள் இந்த முறை தர்மகர்த்தாவின் கையில் இருக்கிறது, பணம், செல்வாக்கு, காவல்நிலையத்தில் தெரிந்தவர் என்ற உருவில். அதை வாங்கி வைக்க யார் எழுந்திருப்பார்? ஏழு பேர் எழுந்தால்கூடக் கதை நகரும். ஒருவரும் எழவில்லை என்றாலும் அது நல்ல கதைதான், அதை எழுதுவது கடினம், அவ்வளவே.

இந்தக் கதையை நான் எழுதப்போவதில்லை, எனக்கு வயதாகிவிட்டது. தவிர, என் காது மயிலாப்பூர்க் காது, மணவூர்ப் பேச்சு அதில் சரியாக விழாது. எழுதுகிறவர்கள் செல்வி என்ற பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஆயாவை மட்டும் கதை பாதியில் சாகடித்துவிடாதீர்கள், நோட்டில் தாத்தாவின் கையெழுத்தைப் படித்துச் சொல்ல அவளைத் தவிர ஆள் இல்லை. கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம், ஏழு மணி வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.